பிறரை எடைபோடுகையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

‘குணம்நாடிக் குற்றமும் நாடி அவற்றுள் மிகைநாடி மிக்க கொளல்’ என்னும் 504ஆம் குறளைப் பள்ளியில் மனப்பாடம் செய்த நம்மில் பலர், அதை ஒருவரைப் பற்றித் தீர்ப்பெழுதுவதற்கான கூட்டல் கழித்தல் கணக்காகவே நினைவில் வைத்திருக்கிறோம். ஆனால் அது இடம்பெறும் ‘தெரிந்து தெளிதல்’ அதிகாரம் பொருட்பாலில், அரசியல் பகுதியில் வருவது. பணிக்கு ஏற்ற ஆளை அரசன் ஆராய்ந்து தேர்ந்தெடுப்பதே அங்கே பேச்சு. ‘இந்த வேலையில் இவரை நம்பலாமா’ என்ற கேள்விக்கு விடை காண முடியும். ‘இவர் நல்லவரா, கெட்டவரா’ என்பதற்கோ நம்மிடம் பெரும்பாலும் போதிய சான்று இருப்பதில்லை. முதல் கேள்விக்குரிய இடத்தில் இரண்டாவதைக் கேட்பதே அடிப்படைத் தவறு. வாங்கிய கடனைத் திருப்பித் தராமல் இழுத்தடிப்பவர், நள்ளிரவில் மருத்துவமனைக்கு நம்முடன் ஓடிவருபவராகவும் இருக்கலாம். அவருக்கு மீண்டும் பணம் கொடுக்கத் தயங்குவது நியாயம். அவரை மோசமான மனிதர் என்று ஊருக்குள் சொல்லித் திரிவது நியாயமில்லை.

அடுத்தது, செயலை மட்டும் பார்த்துச் சூழலை விட்டுவிடுவது. ஜான் டார்லி, டேனியல் பேட்சன் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 1973இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல சான்று. பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரி மாணவர்கள் 40 பேரை ஒவ்வொருவராக, உரையாற்ற வேண்டும் என்று சொல்லி அடுத்த கட்டடத்துக்கு அனுப்பினார்கள். வழியில் ஒருவர் இருமியபடி, முனகியபடி சுருண்டு கிடக்குமாறு ஏற்பாடு செய்திருந்தார்கள். அவகாசம் இருக்கிறது என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 63 விழுக்காட்டினர் உதவ முன்வந்தனர். தாமதமாகிவிட்டது, விரைந்து போங்கள் என்று சொல்லப்பட்டவர்களில் 10 விழுக்காட்டினரே முன்வந்தனர். இத்தனைக்கும் அவர்களில் ஒரு பகுதியினர் பேசவிருந்த பொருள், வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய, பைபிளில் வரும் நல்ல சமாரியனின் கதை! அந்த வழியில் நின்று பார்த்திருந்தால், கடந்து போனவரைக் கல்நெஞ்சர் என்றே சொல்லியிருப்போம். அவரை விரட்டிய கடிகாரம் நம் கண்ணில் பட்டிருக்காது.

ஒரு நல்ல குணத்தைக் கண்டதும் மற்றவற்றையும் நல்லவையாகவே எண்ணிக்கொள்வது இன்னொரு தவறு. படைவீரர்களுக்கு மேலதிகாரிகள் அளித்த மதிப்பீடுகளில், தோற்றம், அறிவு, தலைமைப் பண்பு ஆகிய வெவ்வேறு தகுதிகள் ஒன்றையொன்று அளவுக்கு மீறி ஒத்திருப்பதை அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் தார்ண்டைக் 1920இலேயே சுட்டிக்காட்டினார். திருத்தமாக உடுத்தி, தெளிவாகப் பேசுபவரிடம் கணக்குப் புத்தகத்தை யோசிக்காமல் ஒப்படைப்பது இவ்வகையே.

அவரவர் செயலே கட்டளைக்கல் என்கிறது 505ஆம் குறள். பொற்கொல்லர் நகையைக் கல்லில் உரைத்ததும் அந்தக் கீற்றை மட்டும் பார்த்து மாற்று, அதாவது பொன்னின் தரம், இன்னதென்று சொல்லிவிடுவதில்லை. தரம் தெரிந்த பொன்னின் கீற்றோடு ஒப்பிட்ட பிறகே சொல்கிறார். மனிதர்களை உரைக்கும்போது, ஒப்பிடுவதற்கு நாம் எடுத்துக்கொள்ளும் பொன் பெரும்பாலும் நாமேதான். அதன் மாற்றை எவரும் சோதித்ததில்லை.

இவ்வளவையும் கேட்டுவிட்டு, யாரையும் மதிப்பிடவே கூடாது என்று ஒதுங்குவதும் சரியாகாது. ஆராயாமல் நம்புவதும், ஆராய்ந்து நம்பியவரை ஐயுறுவதும் ஒரேபோலத் தீராத துன்பம் தரும் என்று அதே அதிகாரத்தின் கடைசிக் குறள் சொல்கிறது. நன்றாக விசாரித்து ஒருவரிடம் கடைச் சாவியைக் கொடுத்தபின், ஒவ்வோர் இரவும் ஒளிந்து நின்று அவரை வேவு பார்ப்பவர் இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தவர்.