கொழுப்பைக் குறைக்கும்போது வெயிட்டைக் குறைக்காதீர்கள்

ஜிம்முக்குப் போகிறவர்கள் செய்யும் தவறுகளில் அதிக நஷ்டம் தருவது எது என்று கேட்டால், கொழுப்பைக் குறைக்க ஆரம்பித்ததும் தூக்கும் வெயிட்டையும் குறைத்துவிடுவதைத்தான் சொல்வேன். "கட்டிங் டைம்ல லைட் வெயிட், நிறைய ரெப்" என்ற அறிவுரை, அதாவது கொழுப்பைக் குறைக்கும் காலத்தில் குறைந்த எடையை அதிக முறை (ஒருமுறை தூக்கி இறக்குவது ஒரு ரெப்) தூக்குங்கள் என்பது, இன்னும் ஓயவில்லை. கூடவே ட்ரெட்மில் நேரத்தைக் கூட்டி, சாப்பாட்டைப் பாதியாக்கிவிடுகிறார்கள். எடை மடமடவென்று இறங்கும். ஆனால் இறங்கியது கொழுப்பு மட்டுமல்ல, தசையும்தான்.

தசையைப் பராமரிக்க உடலுக்குச் சக்தி செலவாகிறது. சாப்பாடு குறைந்த நேரத்தில், வேலை கொடுக்காத தசையை அது எளிதில் விட்டுக்கொடுக்கும். அந்தத் தசை தேவை என்று உடலுக்கு உணர்த்துவது கடினமான பயிற்சி. அதனால் 80 கிலோ பாரைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழும் ஸ்குவாட்டை 4 செட் (இடைவெளி விடாமல் செய்யும் ரெப்களின் ஒரு சுற்று ஒரு செட்) செய்துகொண்டிருந்தவர், களைப்பு அதிகமானால் 3 செட்டாகவோ 2 செட்டாகவோ குறைக்கலாம். பாரில் இருக்கும் 80 கிலோவை மட்டும் முடிந்தவரை விடக்கூடாது.

லைட் வெயிட்டில் தசை வளரவே வளராது என்று சொல்லவில்லை. 25, 30 ரெப் வரை போனாலும் வளரும், ஆனால் கடைசி சில ரெப்களில் திணற வேண்டும். 15 ரெப்பில் சுகமாக நிறுத்திவிட்டால் அதில் பெரிய பயன் இல்லை.

அவசரமும் இதே நஷ்டத்தைத்தான் தரும். வாரத்துக்கு உடல் எடையில் 0.5 முதல் 1 சதவீதம் வரை குறைந்தால் போதும்; 80 கிலோ இருப்பவருக்கு அது 400 முதல் 800 கிராம். புரதம் கிலோவுக்கு 1.6 கிராம் என்ற கணக்கில், அதாவது இவருக்கு நாளுக்குச் சுமார் 130 கிராம் வேண்டும். டயட்டில் இருக்கும்போது இன்னும் கொஞ்சம் கூடினாலும் நல்லதே. சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் இந்த அளவுக்குப் போகவேண்டாம்.

தொப்பை கரைய தினமும் நூற்றுக்கணக்கில் கிரஞ்சஸ் எடுப்பவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. அந்தப் பயிற்சி வயிற்றுத் தசையை வலுவாக்கும், அவ்வளவுதான். கொழுப்பு எங்கிருந்து முதலில் குறையும் என்பதை நாம் தேர்ந்தெடுக்க முடியாது.

எடை மெஷினை நம்பி மனம் உடைவதும் வேண்டாம். உடல் கிளைக்கோஜன் என்ற வடிவில் மாவுச்சத்தைச் சேமிக்கிறது; அதன் ஒவ்வொரு கிராமோடும் சுமார் 3 கிராம் தண்ணீர் சேர்ந்திருக்கிறது. டயட் தொடங்கிய முதல் வாரத்தில் 2 கிலோ இறங்குவதும், ஒருநாள் நன்றாகச் சாப்பிட்டதும் 1 கிலோ ஏறுவதும் பெரும்பாலும் தண்ணீர்தான். வாரச் சராசரியையும் இடுப்புச் சுற்றளவையும் பாருங்கள்.

தசை ஏற்ற நினைப்பவர்கள் செய்யும் பெரிய தவறு வேறு: எதையும் எழுதிவைப்பதில்லை. போன மாதம் தூக்கிய அதே டம்பெல், அதே ரெப். சுமையைப் படிப்படியாகக் கூட்டும் முறையை 1940களில் அமெரிக்க ராணுவ மருத்துவர் தாமஸ் டிலோர்ம், காயம்பட்ட வீரர்களுக்குப் பலம் திரும்பப் பயன்படுத்தினார். இன்றும் அடிப்படை அதுதான். ஒரு நோட்டு போதும். 3 செட், 8 முதல் 12 ரெப் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று செட்டிலும் 12 வந்துவிட்டதா, சரி, அடுத்த முறை 2.5 கிலோ கூட்டுங்கள். வாராவாரம் பயிற்சியையே மாற்றிக்கொண்டிருந்தால் முன்னேறினோமா இல்லையா என்பதே தெரியாது.

கூட்ட வேண்டும் என்பதற்காகப் பாதி ஸ்குவாட்டோடு எழுந்துவிடுவது, பெஞ்ச் பிரஸ்ஸில் பாரை நெஞ்சில் மோதி எழுப்புவது எல்லாம் கணக்கில் வராது. அந்த எண் நோட்டில் மட்டும்தான் ஏறும், மூட்டுக்குத்தான் கேடு. கனமான செட்டுகளுக்கு நடுவே 2, 3 நிமிடம் உட்காருங்கள். 30 விநாடியில் அடுத்த செட்டுக்கு ஓடினால் மூச்சு வாங்கும், ரெப் குறையும். அப்புறம், மறுநாள் வலி இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். உடலுக்குப் பழக்கமில்லாத வேலை செய்தால் வலிக்கும். அது வளர்ச்சிக்கு அளவுகோல் அல்ல.

டயட்டில் இருக்கும்போது நோட்டில் எண்கள் இரண்டு மூன்று வாரம் தொடர்ந்து சரிந்தால், முதலில் தூக்கத்தைச் சரிபாருங்கள். இரவில் 7 மணி நேரமாவது வேண்டும். அது சரியாக இருந்தும் சரிவு நிற்கவில்லை என்றால், சாப்பாட்டை நாளுக்கு 200 கலோரி அளவு கூட்டிப் பாருங்கள்.