பாதியில் நின்ற பாவாடையைக் கைவிடுவது எப்படி

2020 மார்ச்சில், மலேசியாவில் கொரோனா நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது, மகளுக்குப் பட்டுப் பாவாடை தைக்க ஆரம்பித்தேன். பினாங்கு லிட்டில் இந்தியாவில் முன்பே வாங்கிய துணி. இடுப்புப் பட்டி வைக்கும்முன் நின்றுபோனது. இன்று அவள் என் தோள் உயரம் வளர்ந்துவிட்டாள். இனி முடிக்கப்போவதில்லை என்று தெரிந்தால் இப்படிச் செய்யுங்கள்.

முதல் வேலை குண்டூசி. நம் ஊர் ஈரக்காற்றில் துருப்பிடித்துத் துணியோடு ஒட்டியிருக்கும். வெடுக்கென்று இழுத்தால் பட்டு கிழியும். மெல்லத் திருகி எடுங்கள். எனக்குப் பதினொன்றில் மூன்று ஊசி பழுப்புக் கறை வைத்துவிட்டது. அந்த இடத்தை வெட்டிவிட்டேன், மனசு வலிக்கத்தான் செய்தது.

மடிப்பு விழுந்த கோட்டை வெளிச்சத்தில் பிடித்து லேசாக இழுத்துப் பாருங்கள். இழை விட்டால் அந்தப் பகுதி உதவாது.

ஜரிகைக் கரையைக் கட்டாயம் காப்பாற்றுங்கள். ஒரு பக்கத்தில் நாலு தையலுக்கு ஒன்றாக அறுத்து, மறுபக்க நூலை உருவினால் கரை சேதமில்லாமல் பிரிந்துவரும். பிளாஸ்டிக் பை வேண்டாம். பழைய வேட்டித் துணியில் சுருட்டி வையுங்கள், மடிக்காதீர்கள்.

என் கரை தங்கை மகளின் சட்டைக் கைக்குப் போகிறது. ‘இடுப்பு 22’ என்று எழுதிய அளவுத் தாளை மட்டும் யாருக்கும் கொடுக்கவில்லை.