சவுக்குத் தோப்புக்கு உரமிடுவதற்கு முன்

ராதாபுரம், திசையன்விளைப் பக்கத்துச் செம்மண் நிலத்திலும் தேரி எனப்படும் செம்மணல் மேடுகளிலும் சவுக்கு நடும் பலர் முதலில் தேடுவது தழைச்சத்து (நைட்ரஜன்) தரும் யூரியாவைத்தான். சவுக்குக்கு அது அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை. அதன் வேர் முடிச்சுகளில் வாழும் ஃபிராங்கியா என்னும் நுண்ணுயிர், காற்றிலுள்ள தழைச்சத்தை மரம் ஏற்கும் வடிவில் மாற்றித் தருகிறது. மண்ணில் தழைச்சத்து மிகுந்தால் முடிச்சு உருவாவதே குறைந்துவிடும்.

ஆகவே நடுவதற்கு முன் மண்ணைப் பரிசோதிக்க வேண்டும். வரப்பு, எருக்குவியல், மரநிழல் ஆகியவற்றை விட்டு விலகிப் பத்து இடங்களில் ‘வி’ வடிவில் 15 செ.மீ. ஆழத்துக்குக் குழி வெட்டி, அதன் இருபக்கச் சுவரிலிருந்தும் ஒரே கனத்தில் மண்ணைச் சுரண்டி, ஒன்றாகக் கலந்து, அரை கிலோவாகக் குறைத்து, நிழலில் உலர்த்தி, வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் கொடுக்கலாம். மரத்தின் வேர் ஆழமாக இறங்குவதால், 30 முதல் 60 செ.மீ. வரையுள்ள மண்ணைத் தனி மாதிரியாகக் கொடுப்பதும் நல்லது.

அறிக்கையில் முதலில் பார்க்க வேண்டியது மணிச்சத்து (பாஸ்பரஸ்). வேர் பரவுவதற்கும் முடிச்சு உருவாவதற்கும் அது இன்றியமையாதது. குறைந்தால் கன்று குட்டையாகவே நின்றுவிடும். செம்மண்ணில் இரும்பும் அலுமினியமும், சுண்ணாம்பு மிகுந்த கரிசலில் கால்சியமும் மணிச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. அது மண்ணுக்குள் நகர்வதும் மிகக் குறைவு. எனவே மணிச்சத்து தரும் சூப்பர் பாஸ்பேட் உரத்தை மேலே தூவாமல், மக்கிய தொழுவுரத்தோடு கலந்து நடவுக்குழியிலேயே இட வேண்டும். 50 கிலோ மூட்டையில் ஏறத்தாழ 8 கிலோ மணிச்சத்துதான் உண்டு என்பதை வைத்து, பரிந்துரைத்த அளவை மூட்டைக் கணக்காக மாற்றிக்கொள்ளலாம். சாம்பல்சத்து (பொட்டாசியம்) மணலில் கரைந்து இறங்கிவிடும் என்பதால், பொட்டாஷைத் தவணையாகப் பிரித்து இடுவது போதும்.

இதுவரை சவுக்கே நிற்காத நிலத்தில் ஃபிராங்கியா இருக்கும் என்று நம்பிவிட முடியாது. செழிப்பான பழைய தோப்பிலிருந்து முடிச்சுகளை எடுத்துக் கழுவி, நசுக்கி, நீரில் கரைத்து நாற்றுகளின் வேரில் ஊற்றலாம். ஐப்பசி மழையில் நட்டு, சில மாதங்கள் கழித்து ஒன்றிரண்டு கன்றுகளின் அடியை மெல்லத் தோண்டினால், பவளக் கொத்துப் போன்ற முடிச்சுகள் தெரிய வேண்டும். அவை இல்லாமல் கன்றும் வெளிறியிருந்தால் மட்டும் சிறிதளவு யூரியா இடலாம். சுண்ணாம்பு மண்ணில் இளந்துளிர் மட்டும் மஞ்சளாவது பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறையால். அதற்கு யூரியா மருந்தல்ல.

வெட்டும்போது கட்டையை மட்டும் ஏற்றி அனுப்புவது நல்லது. எடைக்கு எடை பார்த்தால், கட்டையைவிட ஊசித்துளிரிலும் சிறு கிளைகளிலும்தான் சத்து அதிகம். அவற்றைக் கொளுத்தினால் தழைச்சத்தின் பெரும்பகுதி புகையோடு போய்விடும் என்பதால், சருகோடு சேர்த்து நிலத்திலேயே பரப்பி மக்கவிட வேண்டும்.