பாவ்லவ் பாடத்தில் கவனத்தை விட்டுவிடாதீர்கள்

பாளையங்கோட்டையில் பி.எட். படிக்கிற பிள்ளைகளிடம் ஆக்கநிலையுறுத்தம் (ஒரு சத்தமோ வெளிச்சமோ அடுத்து வரப்போவதன் அடையாளமாகப் பழகிப்போவது) பற்றிக் கேட்டால் மணி, நாய், எச்சில் என்று மளமளவென ஒப்பித்துவிடுவார்கள். (இதை நாய்களிடம் ஆராய்ந்த ரஷ்ய அறிஞர் பாவ்லவ் மெட்ரோனோம், பஸ்ஸர் என்று பலதையும் வைத்துப் பார்த்தவர், மணிக்குத்தான் பேர் கிடைத்தது.) கோளாறு அடுத்த வரியில்தான் வரும்: "மணியையும் சாப்பாட்டையும் பலமுறை சேர்த்துக் காட்டினால் போதும்." போதாது.

வீட்டில் ஒரு சிப்பிப்பாறைக் குட்டி இருக்கிறது என்று வையுங்கள். சோற்றுத் தட்டின் சத்தம் கேட்டாலே ஓடி வரும். இனி விசிலுக்கும் வரட்டுமே என்று, தட்டைத் தட்டும்போதே விசிலும் ஊதுகிறீர்கள். பல நாள் கழித்து விசிலை மட்டும் ஊதினால், குட்டி படுத்த இடத்தைவிட்டு எழுந்திருக்காமலே போகலாம். சோறு வருவதைத்தான் தட்டு சொல்லிவிட்டதே, விசிலில் புதுச் சேதி என்ன இருக்கிறது? உளவியலாளர் லியோன் கேமின் 1960-களின் இறுதியில் எலிகளிடம் கண்டது இதைத்தான். முதலில் இரைச்சல், பின்னாலேயே மின் அதிர்ச்சி. அது பழகியபின் இரைச்சலோடு வெளிச்சத்தையும் சேர்த்து அதே அதிர்ச்சி. கடைசியில் வெளிச்சத்தை மட்டும் காட்டினால் எலிகள் பெரிதாகப் பயப்படவில்லை. முதலில் பழகிய குறிப்பு (பலன் வரப்போவதைச் சொல்லும் சத்தம், வெளிச்சம் போன்றது) புதுக் குறிப்பைக் கற்கவிடாத இதைத் தடுத்தல் என்பார்கள்; புதுக் குறிப்பின்மேல் கவனம் போகாததுதான் காரணம் என்று சொல்வதுண்டு. ஆகவே விசிலை முதலில் ஊதுங்கள், அப்புறம் தட்டை எடுங்கள்.

ஆனால் தடுத்தல் முழுவதையும் கவனத்தின் கணக்கில் எழுதிவிடாதீர்கள். எதிர்பாராதது நடந்தால்தான் கற்றல் நடக்கும் என்ற ரெஸ்கார்லா–வாக்னர் கோட்பாடு (1972), குறிப்பின் மீதான கவனம் மாறுவதாகக் கொள்ளாமலே இதை விளக்கிவிடும். தடுத்தலை அசையாத விதியாக எடுத்துக்கொள்வதும் சரியில்லை. 15 சோதனைகளில் அது தென்படவில்லை என்று 2016-இல் ஓர் ஆய்வுக்கட்டுரை வந்தது.

இன்னொரு தவறு, குறிப்பை முன்கூட்டியே தேய்த்துவிடுவது. 1959-இல் லூபோவும் மூரும் செம்மறிகளையும் வெள்ளாடுகளையும் வைத்துக் காட்டியது: பின்விளைவு எதுவும் இல்லாமல் பலமுறை பார்த்துப் பழகிய குறிப்பை, பிறகு அதிர்ச்சியோடு இணைத்துக் கற்க அவை தாமதித்தன. நம்மூரில் ஆட்டுக்குக் குழை காட்டாமலே நாளெல்லாம் "பா, பா" என்று கூப்பிட்டுக் கொண்டிருந்தால் அது திரும்பிக்கூடப் பார்க்காது.

அப்படியானால் கவனம் எதன்மேல் போகும்? பலனைச் சரியாக முன்னறிவிக்கும் குறிப்பின்மேல் என்றார் மேக்கின்டாஷ் (1975). இன்னும் நிச்சயமாகாத குறிப்பின்மேல் என்றார்கள் பியர்ஸும் ஹாலும் (1980). நேர்மாறாகத் தோன்றினாலும் இரண்டுக்கும் சோதனைச் சான்று உண்டு. தேர்வில் ஒன்றை மட்டும் எழுதிவிட்டு வந்துவிடாதீர்கள்.