இ-ரேட் மானியம்: அமெரிக்கப் பள்ளிகள் விண்ணப்பிக்கும் முறை

அமெரிக்காவில் பள்ளிகளும் நூலகங்களும் செலுத்தும் இணையக் கட்டணத்தின் ஒரு பகுதியை 'இ-ரேட்' திட்டம் ஏற்றுக்கொள்கிறது. 1996-ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டத்தின் அடிப்படையில் அமைந்த இத்திட்டத்துக்கு விதிகளை வகுப்பது எஃப்.சி.சி. எனப்படும் கூட்டாட்சித் தகவல் தொடர்பு ஆணையம். விண்ணப்பங்களைக் கையாள்வது யு.எஸ்.ஏ.சி. என்ற நிர்வாக நிறுவனம். தகுதி இருந்தும் பணம் கைக்கு வராமல் போவது பெரும்பாலும் படிவங்களின் வரிசையிலும் கெடுவிலும் நேரும் பிழையால்தான் என்பதால், அந்த வரிசையிலேயே இங்கு விளக்குகிறேன்.

முதலில் உங்கள் தள்ளுபடி விகிதத்தைக் கணக்கிடுங்கள். இலவச அல்லது சலுகை விலை மதிய உணவுக்குத் தகுதி பெற்ற மாணவர்களின் விழுக்காட்டையும், பள்ளி நகர்ப்புறத்தில் உள்ளதா ஊரகத்தில் உள்ளதா என்பதையும் பொறுத்து அது 20 முதல் 90 விழுக்காடு வரை அமையும். தகுதி பெற்ற மாணவர்கள் 52 விழுக்காடு என்றால் தள்ளுபடி 80 விழுக்காடு. ஆண்டுக் கட்டணம் 12,000 டாலர் எனில், பள்ளி செலுத்த வேண்டியது 2,400 டாலர். அந்தப் பங்கைச் சேவை நிறுவனம் தள்ளுபடி செய்துவிடுவதாகச் சொன்னாலும் ஏற்கக் கூடாது, அது விதிமீறல்.

மானியம் கிடைப்பவை இரு வகை. கட்டடம் வரை வரும் இணைய இணைப்பு முதல் வகை. கட்டடத்துக்குள் அமையும் வைஃபை கருவிகள், வலையமைப்புச் சுவிட்சுகள், கேபிள்கள் இரண்டாம் வகை; இதற்குத் தள்ளுபடியின் உச்சவரம்பு 85 விழுக்காடு. தொலைபேசிக் கட்டணத்துக்கான உதவி 2014-ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்துக்குப் பின் படிப்படியாக நிறுத்தப்பட்டுவிட்டது.

அடுத்தது படிவம் 470. எந்தச் சேவை, எவ்வளவு வேகம் என்பதை யு.எஸ்.ஏ.சி. நடத்தும் இ.பி.சி. என்ற இணையவாசலில் இதன் வழியே அறிவித்து, விலைப்புள்ளிகளைக் கோர வேண்டும். அறிவித்த பின் குறைந்தது 28 நாள் காத்திருப்பது கட்டாயம். அதற்கு முன் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால் மானியமே மறுக்கப்படலாம். விலைப்புள்ளிகளை மதிப்பிடும்போது மற்ற எந்தக் காரணியையும் விட விலைக்குக் கூடுதல் மதிப்பெண் இருக்க வேண்டும்: விலைக்கு 40, முன் அனுபவத்துக்கு 30, சேவைத் தரத்துக்கு 30 என்று வைக்கலாம், விலைக்கும் அனுபவத்துக்கும் சமமாக 40 வைக்க முடியாது. ஒரே ஒரு நிறுவனம்தான் விலை கொடுத்தது என்றாலும், அதை ஒரு குறிப்பாக எழுதிக் கோப்பில் வைத்துக்கொள்வது நல்லது. பின்னாளில் தணிக்கை வந்தால் முதலில் கேட்கப்படுவது இந்தக் காகிதங்களே.

நிறுவனத்தைத் தேர்ந்து ஒப்பந்தம் செய்தபின், விண்ணப்பக் காலத்துக்குள் படிவம் 471-ஐச் சமர்ப்பிக்க வேண்டும். வழக்கமாக அது ஜனவரியில் தொடங்கி மார்ச்சில் முடியும். நிதியாண்டோ ஜூலை 1 அன்று தொடங்குகிறது. கடைசி நாளிலிருந்து பின்னோக்கி 28 நாளை எண்ணிப் படிவம் 470-க்கு நாள் குறிப்பதைவிட, முந்தைய இலையுதிர் காலத்திலேயே அதை முடித்துவிடுவதே பாதுகாப்பு. பரிசீலனையின்போது வரும் கேள்விகளுக்குக் குறித்த கெடுவுக்குள் பதில் அனுப்புங்கள்.

ஒப்புதல் கடிதம் வந்து சேவையும் தொடங்கியபின் படிவம் 486. மாணவர்கள் பார்க்கத் தகாத படங்களைத் தடுக்கும் வடிகட்டி முதலிய இணையப் பாதுகாப்பு விதிகளைப் பள்ளி பின்பற்றுகிறது என்ற உறுதிமொழி இதில்தான் இடம்பெறுகிறது.

பணம் பெற இரு வழிகள் உண்டு. முழுக் கட்டணத்தையும் செலுத்திவிட்டுப் படிவம் 472 மூலம் தள்ளுபடித் தொகையைத் திரும்பப் பெறலாம். அல்லது உங்கள் பங்கை மட்டும் செலுத்தினால், மீதியை நிறுவனமே படிவம் 474 மூலம் பெற்றுக்கொள்ளும். கையிருப்பு குறைவான பள்ளிக்கு இரண்டாவது வழியே ஏற்றது. எந்த வழியானாலும், ஆவணங்கள் அனைத்தையும் சேவையின் கடைசி நாளிலிருந்து குறைந்தது 10 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும்.