730 நாட்கள்: கனடாவில் நிரந்தர வதிவிட உரிமையைத் தக்கவைக்கும் கணக்கு

கனடாவில் நிரந்தர வதிவிட உரிமை பெற்றவர், அதைத் தக்கவைத்துக்கொள்ள, ஒவ்வோர் ஐந்தாண்டுக் காலத்திலும் குறைந்தது 730 நாட்கள் இந்நாட்டில் இருந்திருக்க வேண்டும் என்று குடிவரவு மற்றும் அகதிகள் பாதுகாப்புச் சட்டத்தின் 28ஆம் பிரிவு விதிக்கிறது. அந்த நாட்கள் தொடர்ச்சியாக அமைய வேண்டியதில்லை. ஒரு நாளின் சில மணி நேரத்தை இங்கே கழித்தாலும் அது முழு நாளாகவே எண்ணப்படுவதால், புறப்பட்ட நாளும் திரும்பி வந்த நாளும் கணக்கில் சேரும்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து தலைகாட்டிவிட்டுப் போனால் போதும் என்ற எண்ணம் நம்மவரிடையே இன்னும் இருக்கிறது. கனடாவில் அப்படி ஒரு விதி கிடையாது. அதைவிட ஆபத்தானது, நிரந்தர வதிவிட அட்டையில் (பிஆர் அட்டை) அச்சிட்டிருக்கும் காலாவதித் தேதிவரை கவலையில்லை என்று நினைப்பது. சட்டம் சொல்லும் ஐந்தாண்டு, அதிகாரி உங்கள் கணக்கைப் பார்க்கும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணப்படுவது. ஆகவே செல்லுபடியான அட்டையைக் கையில் வைத்திருப்பவருக்கும் நாட்கள் குறைவாக இருக்கலாம். மறுபுறம், அட்டை காலாவதியான காரணத்தால் மட்டும் எவருடைய உரிமையும் பறிபோவதில்லை.

உரிமை பெற்று ஐந்தாண்டு நிறையாதவர், எஞ்சிய காலத்துக்குள் 730 நாட்களை எட்ட முடியும் என்று காட்டினால் போதும். 2021 ஜூன் 1ஆம் தேதி வந்திறங்கி, 30 நாள் தங்கி, வளைகுடாவில் பார்த்துவந்த வேலைக்குத் திரும்பிய ஒருவர் 2024 ஜூன் 1ஆம் தேதி மீண்டும் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஐந்தாண்டு முடிய அவருக்கு ஏறத்தாழ 730 நாட்களே மிச்சம்; முன்பு தங்கிய அந்த 30 நாட்களுக்கு மேல் அவர் இனி எங்கும் போய்வர இயலாது. ஊரில் ஒரு சாவு நேர்ந்தாலும் அந்த 30 நாளிலிருந்துதான் எடுத்தாக வேண்டும்.

வெளிநாட்டில் கழித்த நாட்களும் சில வேளைகளில் கணக்கில் சேரும். கனேடியக் குடியுரிமை பெற்ற கணவனுடனோ மனைவியுடனோ வாழ்ந்த காலமும், கனேடிய நிறுவனமோ அரசோ முழுநேரப் பணிக்காக வெளிநாட்டுக்கு அனுப்பிவைத்த காலமும் அத்தகையவை. அத்தகைய பெற்றோருடன் இருந்த பிள்ளைக்கும் இந்தச் சலுகை உண்டு. ஆனால் இங்கே பிறந்து குடியுரிமை பெற்ற குழந்தையுடன் யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ தங்கும் தாய்க்கு, அந்தக் குழந்தையின் குடியுரிமையால் ஒரு நாளும் சேராது. இதைத் தெரியாமல் தவறவிடுவோர் இருப்பதால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

அகதிக் கோரிக்கை ஏற்கப்பட்டு இந்த உரிமையைப் பெற்றவர்கள் நாட்கணக்கை மட்டும் பார்த்து நிம்மதி அடையக்கூடாது. இலங்கைக் கடவுச்சீட்டைப் புதுப்பித்து அங்கே போய்வருவதை, அந்நாட்டின் பாதுகாப்பை மீண்டும் ஏற்றுக்கொண்டதாக அரசு வாதிட முடியும். அது நிரூபணமானால், 730 நாட்களுக்கு மேல் இங்கே வாழ்ந்திருந்தாலும் வதிவிட உரிமையே போய்விடும். குடியுரிமை பெறுவதற்கு முன் அப்பயணத்தை எண்ணுபவர் முதலில் குடிவரவு வழக்கறிஞரைப் பார்க்க வேண்டும்.

ஒவ்வொரு பயணத்தின் தேதியையும் ஒரு கொப்பியில் எழுதி வாருங்கள். பழைய கடவுச்சீட்டுகளையும் வீசிவிடாதீர்கள். அட்டையைப் புதுப்பிக்கும் படிவம் இந்த விவரங்களையெல்லாம் கேட்கும். நீங்கள் நாட்டைவிட்டு வெளியேறிய பதிவுகள் எல்லைச் சேவை முகமையிடமும் இருக்கின்றன.

வெளிநாட்டில் இருக்கும்போது அட்டை காலாவதியானால், விமானம் ஏற நிரந்தர வதிவாளர் பயண ஆவணத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். அப்போதே நாட்கணக்கும் ஆராயப்படும். 730 நாள் கடமையை நிறைவேற்றவில்லை என்று வெளிநாட்டிலேயே முடிவானால் 60 நாட்களுக்குள் குடிவரவு மேன்முறையீட்டுப் பிரிவில் முறையிடலாம். கனடாவுக்குள் வெளியேற்ற ஆணை பிறப்பிக்கப்பட்டால் அவகாசம் 30 நாட்கள்தான். தாய் தந்தையின் நோய், சிறுபிள்ளைகளின் நலன் போன்ற மனிதாபிமானக் காரணங்களை மேன்முறையீட்டில் எடுத்துரைக்கலாம். அதற்கு மருத்துவமனைக் கடிதங்கள் அன்றன்றே சேர்த்து வைக்கப்பட்டிருக்க வேண்டும்.

நாட்கள் குறைவாக உள்ள நிலையில் கனடாவுக்குள் வந்துவிட்டவர், அட்டையைப் புதுப்பிக்க அவசரப்படாமல், பயணம் எதுவும் செய்யாமல், 730 நாட்கள் நிறைந்த பிறகு விண்ணப்பிப்பதே நல்லது.