பால்சா வீல் பேன்டுக்கு ஃபைபர்கிளாஸ் துணி ஒட்டுவது எப்படி?

மாடல் விமானத்தின் சக்கரத்தை மூடியிருக்கும் சின்னக் கூடுதான் வீல் பேன்ட். பால்சா என்ற லேசான மரத்தில் செதுக்கிய கூட்டுக்கு வெறும் பெயின்ட் போதாது, புல்தரையில் நாலு முறை இறங்கினாலே நசுங்கிவிடும். மேலே ஒரு சுற்று ஃபைபர்கிளாஸ் துணி ஒட்டினால் கெட்டியாகிவிடும். புதிதாகப் பழகுகிறவர்கள் இறக்கையில் கை வைக்காமல் இதில் தொடங்குங்கள்.

சதுர மீட்டருக்கு 25 கிராம் எடையுள்ள துணி போதும். துணியை ஒட்டும் பிசினான ரெசினுக்கு, தண்ணியாக ஓடும் லேமினேட்டிங் எபாக்சி வாங்குங்கள். ஐந்து நிமிட எபாக்சி வேண்டவே வேண்டாம், துணிக்குள் இறங்குவதற்குள் இறுகிவிடும். ரெசினை இறுக வைக்கும் ஹார்டனரைப் பாட்டிலில் போட்டிருக்கும் விகிதத்திலேயே கலக்க வேண்டும். கூடுதலாக ஊற்றினால் சீக்கிரம் காயாது, பிசுபிசுவென்று அப்படியே நிற்கும்.

முதலில் பால்சாவை 220, அப்புறம் 320 உப்புத்தாளால் தேய்த்துத் தூசியைத் துடைத்துவிடுங்கள். கூரான விளிம்புகளை லேசாக உருட்டிவிடுங்கள், கூர்முனையில் துணி படியாமல் தூக்கிக்கொள்ளும்.

இடப்பக்கத்துக்கு ஒன்று, வலப்பக்கத்துக்கு ஒன்று என்று இரண்டு துண்டு, சுற்றிலும் 2 செ.மீ. கூடுதலாக வெட்டுங்கள். ஜாக்கெட் தைக்கிறவர்கள் கிராஸ் கட்டிங் என்பார்களே, அதுபோல இழைகள் 45 டிகிரி சாய்வாக வரட்டும். அப்போதுதான் வளைந்த மூக்கில் சுருக்கமில்லாமல் உட்காரும்.

நைட்ரைல் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். எபாக்சி அலர்ஜி ஒருமுறை வந்துவிட்டால் லேசில் விடாது. சக்கர அச்சு நுழையும் துளையில் ஒரு மூங்கில் குச்சியைச் செருகினால் பிடித்துக்கொள்ள வசதி. முதலில் ஒரு பக்கத்துக்கு மட்டும், துணியைக் காய்ந்தபடியே மேலே விரித்து, நடுவில் கொஞ்சம் ரெசின் விட்டு, பிரஷால் விளிம்பை நோக்கித் தள்ளுங்கள். வெள்ளைத் துணி நனைய நனையக் கண்ணாடி மாதிரி ஆகி, அடியிலுள்ள மர ரேகை தெரியும். வெள்ளையாக நிற்கும் இடத்தில் காற்று இருக்கிறது, அங்கே பிரஷ் நுனியால் குத்தி அமுக்குங்கள்.

அடுத்ததுதான் முக்கியமான வேலை. டிஷ்யூ பேப்பரை மேலே வைத்து ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். பளபளப்பு போய், நெசவு மட்டும் மங்கலாகத் தெரியும்வரை ஒற்ற வேண்டும். பலம் துணியில் இருக்கிறது, மிச்ச ரெசின் வெறும் எடை. இதே முறையில் ரட்டருக்கு (விமானத்தைத் திருப்பும் வால் பலகை) ஒட்டும்போது இன்னும் கவனம் தேவை, வாலில் ஏறும் ஒவ்வொரு கிராமுக்கும் எடை சமமாக விமானத்தின் மூக்கில் அதைவிடக் கூடுதலாக ஈயம் வைக்க வேண்டிவரும்.

மறுநாள் விளிம்பை ஒட்டி 180 உப்புத்தாளை இழுத்தால் மிச்சத் துணி தானாக அறுந்துவிடும். அப்புறம் அடுத்த பக்கத் துணியை, முதல் துணியின்மேல் 5 மி.மீ. ஏறும்படி ஒட்டுங்கள்.

எல்லாம் காய்ந்ததும் நெசவுக் குழிகளை நிரப்ப இன்னொரு மெல்லிய பூச்சு ரெசின் விட்டு, பழைய ஏ.டி.எம். கார்டால் வழித்துவிடுங்கள். இதுவும் 24 மணி நேரம் காயட்டும். மேலே மெழுகு மாதிரி படலம் இருந்தால் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். பிறகு 320 தாளில் தண்ணீர் தொட்டுத் தேய்க்கலாம். இழை கண்ணில் பட்ட இடத்தில் உடனே நிறுத்துங்கள், மேலும் தேய்த்தால் துணியே அறுபடும். காய்ந்தபடி தேய்க்கும்போதெல்லாம் மாஸ்க் கட்டாயம், கண்ணாடித் தூள் நுரையீரலுக்குள் போகக்கூடாது.

கடைசியாக ஒரு கை பிரைமர் அடியுங்கள். ஊசிமுனைத் துளைகள் அப்போதுதான் தெரியும். புட்டியால் அவற்றை அடைத்து, 400 தாளால் நீவிவிட்டுப் பெயின்ட் அடிக்கலாம்.